நொச்சிக்காட்டுப் பிரிவின் பதினொரு பட்டைகள்

எங்கள் ஊரில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் இருக்கிறது, அந்தப் பக்கம் பிள்ளைகள் இருக்கிறார்கள். நடுவில் நாலு வழிச் சாலை. அதை அகலப்படுத்தியபோது நாங்களும்தான் கைதட்டினோம், இல்லையென்று சொன்னால் வாய் வெந்துபோகும். கோயமுத்தூர் போக ஒன்றரை மணி நேரம் ஆனது, இனி முக்கால் மணிதான் என்றார்கள், யாருக்குத்தான் கசக்கும்? மிச்சமாகப் போகிற முக்கால் மணி நேரத்தைப் பற்றியே ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம், நொச்சிக்காட்டுப் பிள்ளைகள் அந்த ரோட்டை எப்படித் தாண்டுவார்கள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தாண்டினார்கள். கையைக் கோத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள், அதில் பெரிய பிள்ளை ஒன்று வலமும் இடமும் பார்த்து "ஓடு" என்று சொல்லும், நாற்பது பிள்ளைகளும் புத்தகப்பை முதுகில் குதிக்க ஓடிவந்து நடுத்திட்டில் ஏறி மூச்சு வாங்குவார்கள், மறுபடி பார்த்து மறுபடி ஓடுவார்கள். என் சைக்கிள் கடையும் அதை ஒட்டிய வெல்டிங் பட்டறையும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ரோட்டைப் பார்த்தபடி இருக்கின்றன. எட்டரைக்குக் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, கடைசிப் பிள்ளை வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். ரோடு வந்த முதல் வருஷம் ஒரு பிள்ளைக்குக் கால் போயிற்று. இரண்டாம் வருஷம் ஐந்தாம் வகுப்பு லோகித் வந்து சேரவில்லை. அவனைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

பார்த்துக்கொண்டு நின்றாயே, நடுரோட்டில் போய் நின்று கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நாங்கள் மறியல் செய்தோம், மனுக் கொடுத்தோம், மீண்டும் அவரவர் வேலையைப் பார்த்தோம். ரோட்டு ஆபீசர்கள் வந்து எட்டு நாளில் தாண்டுவதற்கு வெள்ளைப் பட்டை போட்டுத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் போட்டார்கள். அதையும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போடாமல், தெற்கே கூப்பிடு தூரத்திலிருக்கிற கல்யாண மண்டபத்துக்கு முன்னால் போட்டார்கள், ஏனென்றால் எங்கோ உட்கார்ந்து படம் வரைந்தவர் மண்டபத்தைப் பள்ளிக்கூடம் என்று நினைத்துவிட்டார். இரண்டுக்கும் சுற்றுச்சுவர் உண்டு, இரண்டிலும் மேடை உண்டு, அவரைக் குற்றம் சொல்லி என்ன.

அந்த ரோட்டைக் கண்டு ஊரிலேயே அதிகம் பயந்தவள் கலாமணி. புருஷன் போர்வெல் லாரியோடு வடக்கே போனால் வருஷத்துக்கு இரண்டு முறைதான் வீடு வருவார். அவளுக்குப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் வேலை. கம்பெனி வேன் காலை ஏழு மணிக்கு, ஊர்ப் பாதை பிரிகிற பிரிவில் வந்து நிற்கும், ஒரு நிமிஷம் பிந்தினாலும் போய்விடும், அன்றைய கூலியும் அதோடு போய்விடும். மகள் சஷ்டிகா நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடக் கேட்டை எட்டே முக்காலுக்குத்தான் திறப்பார்கள். ஆகவே தினமும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளையை இழுத்துக்கொண்டு ஆறரைக்கே ரோட்டைத் தாண்டி வந்து, என் பட்டறை ஸ்டூலில் உட்காரவைத்து, "பார்த்துக்குங்ணா" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். பிள்ளை ஆறிப்போன தோசையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி விழும். தன் பிள்ளையைத் தூங்கவிடாமல் வளர்க்கிறோமே என்று அவள் வேனில் அழுதுகொண்டே போவதாக அவளோடு வேலை செய்கிற பெண்கள் சொல்வார்கள்.

ஆனி மாதம், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரம், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மண்டபத்துக்கு முன்னால் பட்டை அடித்துவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு அவை எழுந்து வந்தன.

பதினொரு பட்டைகள். ரோட்டோரமாக ஒன்றன்பின் ஒன்றாக, குளத்துக்குப் போகிற வாத்துகளைப்போல அவசரப்படாமல் வந்தன. முதலில் பார்த்தவர் பேக்கரி பொங்கியண்ணன். கையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தவில்லை, "அக்கட்டப் பாருங்க, வருது" என்றார், வர வேண்டியவர்கள் வருவதைச் சொல்வதுபோல. பட்டைகள் பிள்ளைகள் நிற்கிற இடத்துக்கு நேரே வந்து, ஐந்து இந்தப் பாதியிலும் ஆறு அந்தப் பாதியிலுமாக ரோட்டின் குறுக்கே வரிசையாகப் படுத்தன. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஒரு பிள்ளை காலை வைத்தது. எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்த கோழி லாரி, யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டதுபோல அப்படியே நின்றது. கூண்டில் இருந்த ஒரு கோழிகூடச் சிறகடிக்கவில்லை. நாற்பது பிள்ளைகளும் ஓடாமல் நடந்து வந்தார்கள். நடந்து வருகிற பிள்ளைகளை அந்த ரோட்டில் நான் அன்றுதான் பார்த்தேன், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வெல்டிங் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பகலெல்லாம் பட்டைகள் ஊர்ப் பக்கத்து வேப்பமரத்தடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கும், பிள்ளை ஒன்று ரோட்டோரம் வந்து நின்றால் எழுந்து போய்ப் படுக்கும், பட்டை மேல் ஒரு பிள்ளையின் கால் இருக்கும்வரை எந்தச் சக்கரமும் அதன்மேல் ஏறாது. சைக்கிளில் பக்கத்து ஊர் ஹைஸ்கூலுக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு மூன்று பட்டைகள் தனியே பிரிந்து, ரோட்டோரம் நீளவாக்கில் படுத்து, சைக்கிள் உருள உருளப் பின்னால் இருப்பது முன்னால் ஓடி, அப்படியே மூன்று கிலோமீட்டரும் கூடவே போய் விட்டுவிட்டு வரும். அரசாங்கம் கொடுத்த சைக்கிளை வீட்டில் நிறுத்தித் துணி காயப்போட்டிருந்தவர்களெல்லாம் என் கடைக்குக் கொண்டுவந்து காற்றடித்துப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கிரிக்கெட் ஆடப் போனால் பட்டைகளும் போயின. ஒருமுறை பந்து ரோட்டுக்கு ஓடியபோது ஒரு பட்டை பந்தைவிட வேகமாக ஓடியது.

பெரியவர்களுக்கு அது எழுந்து வராது. அதனால் ஊரில் பிள்ளைகளை இரவல் வாங்கும் வழக்கம் வந்தது. "ஏனுங், உங்க பையனைக் கொஞ்சம் குடுங்க, சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வந்துடறேன்" என்று கறிவேப்பிலை கேட்பதுபோலக் கேட்டு வாங்கிப் போவார்கள், திருப்பி விடும்போது கையில் ஒரு முறுக்கு கொடுத்து அனுப்புவார்கள். பிள்ளையில்லாத வீட்டுக்காரர்கள் இரண்டு பிள்ளை இருக்கும் வீட்டோடு சமரசமாகப் போனார்கள். பொங்கியண்ணன் தன் பேக்கரி முன்னால் நின்றால் ஆளுக்கொரு தேங்காய் பன் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தார். பட்டைகளும் பேக்கரிக்கு நேரே வந்து படுத்தன, நின்ற வண்டிக்காரர்கள் எப்படியும் நிற்கிறோமே என்று இறங்கி டீ குடித்தார்கள். ரோட்டு ஆபீசர் டேப்போடு வந்து அளந்து பார்த்து, "பட்டை இருக்கிறது, இடத்தில் இல்லை" என்று எழுதிக்கொண்டு, தன் ஜீப்பைத் தாண்டவிடாமல் நின்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

கலாமணிக்கு அது என்ன கொடுத்தது என்பதை அவளே என்னிடம் சொன்னாள். "ஏழரை வரைக்கும் தூங்கறாளுங்ணா. எந்திரிச்சு, நான் மூடி வெச்சுட்டுப் போன சோத்தைச் சூடு பண்ணித் தின்னுபோட்டு, சடையைப் பக்கத்து வீட்டக்காகிட்டப் பின்னிக்கிட்டு, பிள்ளைங்ககூடவே நடந்து போயிடறா. மெஷின்ல உக்காந்து எட்டு முப்பதஞ்சு ஆச்சுன்னா எனக்குக் கை நடுங்குமுங்க முன்னெல்லாம். இப்ப நடுங்கறதில்லீங்." அந்த வெள்ளிக்கிழமை அவள் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு போய், வேப்பமரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த முதல் பட்டையில் மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டாள். பிள்ளையைக் காப்பாற்றுகிறதைக் கும்பிடாமல் பின்னே எதைக் கும்பிடுவது? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு பட்டைக்கும் பொட்டு வைத்திருந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பூமாலை. ஆடி பிறந்ததும் கூழ் ஊற்றினார்கள், ரோட்டாத்தா என்று பெயரும் வைத்தார்கள், பவானியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வேண்டுதலோடு வந்து இறங்கினார்கள். கோயில் கமிட்டித் தலைவர் சென்னியப்பன், தறிப்பட்டறை வைத்து நன்றாக இருந்தவர், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியைத் தவிர வேறு உடுத்தாதவர், நல்ல மனுஷர். லோகித் போனபோது மறியலுக்கு முதலில் உட்கார்ந்தவரும் அவர்தான். அவர்தான் கேட்டார்: "சாமியைப் பிள்ளைங்க செருப்புக் காலோட மிதிக்கலாமுங்களா?" கேட்டதும் எல்லோருக்கும் அது உறைத்தது. பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுடுகிற தாரில் துள்ளித் துள்ளித் தாண்டினார்கள். பிறகு சைக்கிள் சக்கரத்தில் சாணி இருக்கும் என்றார்கள். பிறகு ஹைஸ்கூல் பெண்பிள்ளைகள் மாதத்தில் மூன்று நாள் தள்ளி நிற்கட்டும் என்றார்கள், அந்த மூன்று நாளும் அந்தப் பிள்ளைகள் பழையபடி லாரிகளுக்குள் புகுந்து போனார்கள். கடைசியாக, வெயிலிலும் மழையிலும் மரத்தடியில் கிடக்கிற ஆத்தாளுக்கு ஓர் இடம் வேண்டாமா என்றார்கள்.

இடம் கட்டினோம். வேப்பமரத்தடியில் டைல்ஸ் போட்டு, மேலே ஷீட் போட்டு, நாலு பக்கமும் கிரில் வைத்து, முன்னால் உண்டியலும் கதவுக்குப் பூட்டும். அந்தக் கிரிலைச் செய்தவன் நான். சும்மா கம்பியை நட்டுவிட்டுப் போகவில்லை, ஒவ்வொரு சட்டத்திலும் தாமரை வைத்து வளைத்தேன், கூலி வேண்டாம் என் உபயம் என்று சொன்னேன், பெயின்ட் காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்து மனசு நிறைந்துபோனேன். என் வாழ்நாளில் நான் செய்த வேலையிலேயே அழகான வேலை அது.

மறுநாள் காலை எட்டரைக்குப் பிள்ளைகள் ரோட்டோரம் வந்து நின்றதும், கிரிலுக்குள் பட்டைகள் எழுந்தன. கதவு வரைக்கும் வந்தன, திரும்பின, மறுபடி வந்தன. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. பதினொன்றும் கம்பியில் மோதி மோதி விழுந்தன. பூசைக்கு நின்ற பெண்கள் ஆத்தாளுக்கு அருள் வந்துவிட்டது என்று குலவை போட்டார்கள், பூசாரி உடுக்கை எடுத்து அடித்தார், சென்னியப்பன் கண்ணில் நீர் வழியக் கற்பூரம் காட்டினார். ரோட்டோரம் பிள்ளைகள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு பெரிய பிள்ளை ஒன்று வலமும் இடமும் பார்த்து "ஓடு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

கலாமணிக்கு இரண்டு நாளில் விஷயம் போய்ச் சேர்ந்தது. கம்பெனியிலிருந்து வந்தவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் சென்னியப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள். கிரிலில் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன்.

"சாவி குடுங்க மாமா. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தொறந்து விட்டுட்டு மறுக்காப் பூட்டிக்குங்க."

"சாமியைத் தெருவுல தொறந்து விடறதுக்கு அது என்ன ஆட்டுக்குட்டியா அம்மிணி? மொதப் பொட்டு வெச்சவளே நீதானே. நீயே இப்படிப் பேசுனா ஊரு என்ன பேசும்?"

"பொட்டு வெச்சு நன்றி சொன்னனுங்க மாமா. பூட்டச் சொல்லலீங்."

"ஆத்தா எங்க இருந்தாலும் பிள்ளைங்களப் பார்த்துக்குவா. நம்பிக்கை வேணுமல்ல." அவர் அதை ஏளனமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நம்பித்தான் சொன்னார், அதனால்தான் அவரோடு சண்டை போட அவளால் முடியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தாழ்ப்பாளைப் பற்றி ஏதோ சொன்னேன்.

மறுநாளிலிருந்து சஷ்டிகா ஆறரைக்கே என் பட்டறை ஸ்டூலுக்கு வந்துவிட்டாள். கிரிலுக்குள் பட்டைகளின் மோதல் நாளுக்கு நாள் குறைந்தது. பால், நெய், சந்தனம், மஞ்சள் எல்லாம் அபிஷேகம் ஆகி ஆகி அவை கனத்துப்போய்த் தரையோடு கிடந்தன, ஆத்தா சாந்தமாகிவிட்டாள் என்று பேசிக்கொண்டோம். ஆவணி முதல் வாரத்தில் சஷ்டிகாவுக்குக் காய்ச்சல். ஒருநாள் கலாமணி லீவு போட்டாள், அடுத்த நாள் போட முடியவில்லை, சரக்கு ஏற்றுகிற வாரம். காய்ச்சல் விட்டிருந்தது, தூங்கட்டும், இன்று பள்ளிக்கூடம் வேண்டாம் என்று பிள்ளையைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளைக்கு எட்டரை மணிக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிட்டது. தானாகவே யூனிஃபார்ம் போட்டு, டிபன் டப்பாவில் சோற்றை அள்ளி வைத்து, பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். மற்றப் பிள்ளைகள் முன்னால் தாண்டியிருந்தார்கள்.

நான் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ரோட்டோரம் வந்து நின்றாள், வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தாள், ஒரு பெரிய ஆளுக்கு இடம் விடுவதுபோலக் கொஞ்சம் ஒதுங்கி நின்றாள், பிறகு காய்ச்சல் அசதியில், பட்டை வந்து படுத்துவிட்டது என்ற நம்பிக்கையில் கீழே பார்க்காமலே காலை எடுத்து வைத்தாள். ஓடவில்லை. நடந்தாள். பட்டைகள் பழக்கிய நடை அது. வெள்ளைக் கார் ஒன்று அவள் முதுகுப் பையை மட்டும் பறித்துக்கொண்டு போய் நூறடி தள்ளி நின்றது. பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. டிபன் டப்பா நசுங்கித் தகடாகக் கிடந்தது, சோறு ரோட்டில் நீளமாகத் தீற்றியிருந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டு நடுரோட்டில் நின்றாள். நான் எப்படி அந்தப் பக்கம் போனேன், எப்படி அவளைத் தூக்கினேன் என்று எனக்குத் தெரியாது. "பட்டை ஏனுங் மாமா வரல?" என்று கேட்டாள்.

கலாமணி சாயங்காலம் என் பட்டறைக்கு வந்தாள். அழவில்லை. "அந்தக் கிரிலை அறுத்துக் குடுங்ணா" என்றாள். ஊர் கூடியது. சென்னியப்பன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கிரைண்டரை எடுத்துப் போய்த் தாமரை தாமரையாக அறுத்தேன். கதவு விழுந்ததும் எல்லோரும் ஒதுங்கி வழி விட்டோம். பட்டைகள் எழவில்லை. கலாமணி மண்டிபோட்டு உட்கார்ந்து முதல் பட்டையைத் தொட்டாள். பழைய சுண்ணாம்பு உதிர்வதுபோல விரலோடு பொடியாக வந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம், மஞ்சளும் நெய்யும் ஏறிய பொடிதான், பதினொன்றும். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாமியை நாங்கள் கொன்றிருந்தோம், அதுவும் கும்பிட்டுக் கும்பிட்டே கொன்றிருந்தோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. கலாமணி ஏறவில்லை. எட்டரைக்கு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளோடு ரோட்டோரம் வந்து நின்றாள். தளிர்ப் பச்சையில் ஒரு சேலை கட்டியிருந்தாள். வண்டிகள் இடைவெளி விட்ட ஒரு நிமிஷத்தில் மகளின் கையை விட்டுவிட்டு இறங்கிப் போய், பட்டை படுக்கிற இடத்தில், பட்டை படுக்கிற மாதிரியே, ரோட்டோடு நீளமாகப் படுத்துக்கொண்டாள்.

எங்கள் ஊர் நோம்பித் திருவிழாவில் கரகம் வருகிற தெருவில் தண்ணீர் ஊற்றி அதில் குப்புறப் படுப்பார்கள். கரகக்காரர் தாண்டிப் போனால் பிள்ளை வரம் கிடைக்கும், நோய் தீரும் என்பார்கள். கலாமணி அப்படித்தான் படுத்தாள், ஆனால் அவளைத் தாண்டிப் போக வேண்டிய சாமிகள் யூனிஃபார்மில் நின்றுகொண்டிருந்தன. டவுன் பஸ் ஒன்று பிரேக் அலற வந்து அவளுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. அது அற்புதமில்லை, டிரைவரின் கால். அவர் இறங்கிவந்து அவளுடைய பரம்பரையையே திட்டினார்.

"நட சாமி" என்றாள் கலாமணி, முகத்தைத் தாரில் வைத்தபடியே.

சஷ்டிகா நகரவில்லை. "அம்மாவத் தாண்டக் கூடாது" என்றாள்.

அப்போது சென்னியப்பன் வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். திட்டிக்கொண்டிருந்த டிரைவரைப் பார்த்துக் கும்பிட்டார். கஞ்சி போட்ட வேட்டியோடு கலாமணிக்கு ஒரு தப்படி தள்ளிப் படுத்தார். எழுபது வயது முட்டி, படுக்கவே நேரமானது. "மிதிச்சுக்கிட்டே போங்க கண்ணுகளா, எங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். பொங்கியண்ணன் டீப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து படுத்தார். பூசாரி படுத்தார். அன்று முகூர்த்த நாள், மண்டபத்துக்குப் போகக் கிளம்பியவர்கள் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு வெள்ளையும் சொள்ளையுமாக வந்து படுத்தார்கள். நடுத்திட்டுக்கு இந்தப் பக்கமும் ஆள் வேண்டுமே என்று நான் என் நீலக் கட்ட லுங்கியோடு போய்ப் படுத்தேன். எண்ணிக்கொண்டு யாரும் படுக்கவில்லை. பதினொரு பேர் ஆனோம். தார் அப்போதே சுட்டது. காதைத் தரையில் வைத்தால் தூரத்தில் வருகிற லாரியெல்லாம் நெஞ்சுக்குள் ஓடுவதுபோல இருந்தது, இதைத்தான் இந்தப் பிள்ளைகள் தினமும் கேட்டுக்கொண்டு நின்றார்களா என்று நினைத்தேன்.

சஷ்டிகாதான் முதலில் வந்தாள். அம்மாவைத் தாண்டினாள், தாண்டியதும் திரும்பிக் குனிந்து அவள் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பெரியவர்கள் மேல் கால் பட்டால் செய்வதுபோல. பின்னால் வந்த பிள்ளைகளும் ஒவ்வொருவரையும் தாண்டி, ஒவ்வொருவரையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலது சென்னியப்பனை ஏணிபோல ஏறி இறங்கின. சைக்கிள் பிள்ளைகள் சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார்கள். கால் மணி நேரம் ஆனது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய மட்டும் வண்டிகள் நின்றன. கொஞ்ச நேரம் ஹாரன் அடித்தார்கள், பிறகு இறங்கி வந்து பார்த்தார்கள். எங்களைத் திட்டிய டவுன் பஸ் டிரைவர் கடைசிப் பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு தாண்டிவந்து விட்டுவிட்டுப் போனார்.

கேட்டு மூடுகிற சத்தம் கேட்டதும் எழுந்தோம். எழுந்து பார்த்தால் சென்னியப்பனின் வேட்டி தாரைப்போலக் கன்னங்கரேல் என்று இருந்தது. எல்லோருடைய துணியும் அப்படித்தான். வெள்ளையெல்லாம் ரோட்டிலேயே தங்கிவிட்டது. ஒன்பது வெள்ளைப் பட்டை, ஒரு நீலக் கட்டம் போட்ட பட்டை, ஒரு தளிர்ப் பச்சைப் பட்டை. புதிதாகப் பிறந்ததுபோல ஈரமாகக் கிடந்தன. ஒருவரும் கும்பிடவில்லை, பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம். அவை அசையவில்லை. வண்டிகள் தயங்கித் தயங்கி அவற்றின் மேல் ஏறிப் போயின.

மத்தியானம் அரை நாள் வேலைக்காவது போகிறேன் என்று கலாமணி பஸ் பிடித்தாள். சாயங்காலம் பட்டை வராவிட்டால் நாங்கள் பதினொரு பேரும் மறுபடி படுக்கிறோம், தினமும் படுக்கிறோம், நீ போ அம்மிணி என்று சென்னியப்பன் சொல்லித்தான் அனுப்பினார். கரிய சேலையோடுதான் மெஷினில் உட்கார்ந்தாளாம். நாலு பத்துக்குப் பள்ளிக்கூடம் விடும். நாலு பத்துக்கு அவள் கை நடுங்க ஆரம்பித்தது, துணி கோணலாக ஓடியது. நாலு இருபத்தைந்துக்கு மடியில் வைத்திருந்த போன் அடித்தது, வீட்டுப் போன்.

"அம்மா, வந்துட்டேன். பசிக்குது."

"யாரு கூட்டிட்டு வந்தா சாமி? சென்னியப்பத் தாத்தாங்களா?"

"தாத்தாவெல்லாம் ஓரமா நின்னுட்டு இருந்தாங்க. படுக்கறதுக்கு முன்னாலயே பட்டை எந்திரிச்சு வந்துருச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சஷ்டிகா சொன்னாள்: "பச்சைதாம்மா மொதல்ல வந்துச்சு."